அபராதம் கட்டாமல் உள்ளே போனவருக்குப் பரோல்தான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அபராதம் கட்ட முடியாமல் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் வெஸ்ட்வில் சிறையில் இருக்கும் தம்பிக்குப் பரோல் (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடுவது) எப்போது என்று டர்பன் அருகேயுள்ள பீனிக்ஸ் பகுதி வாசகி ஒருவர் சென்ற இதழில் கேட்டிருந்தார். தண்டனையில் கால் பங்கு கழிந்ததும் என்று பதில் தந்திருந்தீர்கள். 24 மாதத்துக்கு மேற்படாத தண்டனைக்கு அது சரி. அதைத் தாண்டினால் பாதி. ஆனால் அந்த அம்மாளுக்கு இந்தப் பதில் போதாது.

கால் பங்கு கழிந்தால் பரோலுக்குத் தகுதி வருகிறது, அவ்வளவுதான். அன்றைக்கே கேட்டைத் திறந்துவிட மாட்டார்கள். சிறைக்குள் இருக்கும் குழு அறிக்கை எழுத வேண்டும், போய்த் தங்கும் வீட்டைச் சரிபார்க்க வேண்டும். குறுகிய தண்டனைகள் பரோலை முடிவு செய்யும் தனிக் குழுவான பரோல் போர்டு வரை போவதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ஆறு மாதத் தண்டனையில் இந்தக் காகித வேலை எத்தனை நாளைத் தின்னும் என்று, உள்ளே ஆள் வைத்திருக்கும் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். வெளியே வந்த பிறகும் தண்டனைக் காலம் முடியும்வரை நிபந்தனைகள் உண்டு.

பணம் கட்டினால் கதை வேறு. ‘6,000 ரேண்ட் அல்லது 6 மாதம்’ என்பது தீர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டவருக்குப் பாக்கி ஏறக்குறைய 4,000தான். அதைக் கட்டினால் விடுதலை, நிபந்தனை எதுவும் கிடையாது. 2,000தான் புரட்ட முடிந்ததா? அதற்கேற்ற நாள்கள் குறையும். முழுத் தொகையும் சேரட்டும் என்று வீட்டிலேயே பணத்தைப் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்களை இங்கே சாட்ஸ்வர்த்தில் நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. (அபராதத்தோடு, பணம் கட்டித் தவிர்க்க முடியாத சிறைத் தண்டனையும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும்.)

கையில் காசே இல்லை என்றால்? 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு, அபராதத்தைத் தவணையில் கட்ட அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சிறைக்குள் போன பிறகும் இதைக் கேட்கலாம். 287ஆம் பிரிவு இன்னொரு வழி காட்டுகிறது: அபராதத்துக்குப் பதிலான சிறைக்காலம் ஐந்து ஆண்டுக்கு மேற்படாவிட்டால், நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாத பட்சத்தில், அதைச் சிறைக்கு வெளியே கண்காணிப்பில் கழிக்கும் தண்டனையாகச் சிறைத் துறை மாற்றலாம். முதல் நாளிலேயே மாற்றலாம். கால் பங்கு, அரைப் பங்கு பேச்சே இல்லை. முதலாவது நீதிமன்றத்தின், இரண்டாவது சிறைத் துறையின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதால் கேட்டால்தான் நடக்கும். கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டால் 1895இல் கொண்டுவந்த 3 பவுண்டு வரியைக் கட்ட முடியாமல், ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கிவிட்ட இந்தியத் தொழிலாளர்களும் சிறைக்குப் போயிருக்கிறார்கள். அந்த வரி ஒழிய 1914 ஆயிற்று. இன்றும், காசுள்ளவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும் அதே குற்றத்துக்குத்தான் காசில்லாதவன் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறான். இதற்குப் பரோலை மருந்தாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

வழக்கு எண்ணை எடுத்துக்கொண்டு, தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் கிளார்க்கையும் லீகல் எய்ட் (இலவசச் சட்ட உதவி) அலுவலகத்தையும் அந்த அம்மாள் இந்த வாரமே பார்க்கட்டும். அடுத்த இதழ் வரும்வரை காத்திராமல் இந்தக் கடிதத்தை முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்