லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று: நீங்கள் அனுப்பிய ஹார்ட் டிஸ்க் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது' என்று விற்கப்பட்ட 420 எம்பி ஐடிஇ ஹார்ட் டிஸ்க் உண்மையில் 340 எம்பி டிஸ்க்காக இருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் உங்களிடம் ஒரு பழைய ஐடிஇ (பழைய கணினிகளில் டிஸ்க்கை இணைக்கும் முறை) ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். 3.5 அங்குலம், 420 எம்பி, 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது, பேட் செக்டர் இல்லை' (கெட்ட இடம் எதுவும் இல்லை) என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். வந்த டிஸ்க் கெட்டுப்போனது அல்ல, நன்றாகவே சுழல்கிறது. ஆனால் அது 420 எம்பி டிஸ்க்கே இல்லை. மேலே ஒட்டியிருக்கும் லேபிள் தவறு. இதை மூன்று மின்னஞ்சல்களில் எழுதியும் உங்கள் சேவைப் பிரிவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பழைய கணினிகளில் கை வைத்துப் பழகிய ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கணினி 1993-ல் வாங்கியது, 486 டிஎக்ஸ்2 செயலி, 66 மெகாஹெர்ட்ஸ். நான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டது அதில்தான். அதன் கூடவே வந்த 210 எம்பி டிஸ்க் இத்தனை வருடம் உழைத்துவிட்டு, சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் சுழல மறுத்தது. பவர் போட்டால் 'ம்ம்' என்று ஒரு சின்ன முனகல், அதோடு சரி. அந்தக் காலத்து டிஸ்க்குகளில் மோட்டார் நின்றதும், தகவலைப் படித்து எழுதும் ஹெட் வட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் ஒட்டிக்கொள்ளும், மோட்டாருக்கு அதைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும் பலம் இருக்காது. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் தட்டையாகப் பிடித்து, வட்டு சுழலும் திசையில் மணிக்கட்டால் சட்டென்று ஒரு திருப்பு திருப்பினேன். மறுபடி பவர் கொடுத்ததும் கிளம்பிவிட்டது. நிறுத்தினால் இன்னொரு முறை கிளம்புமா என்று தெரியாது. அதனால் நிறுத்தாமலேயே, டாஸ் இயங்குதளத்தில் இருக்கும் இன்டர்லிங்க் என்ற கோப்பு மாற்றும் நிரல் வழியாக பேரலல் கேபிள் போட்டு, எல்லாக் கோப்புகளையும் இன்னொரு கணினிக்கு நகலெடுத்தேன். பல மணி நேரம் ஆனது. கடைசிக் கோப்பு போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், பழைய டிஸ்க்குக்கு மாற்று தேடி உங்களிடம் வருபவர் எந்த நிலையில் வருகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே உங்களுக்கு எழுதிக் கேட்டேன். பவர் போட்டதும் கணினியில் முதலில் ஓடும் அடிப்படை நிரல்தான் பயாஸ். என் பயாஸில் டிஸ்க்கைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி கிடையாது. 1 முதல் 46 வரை வகைகள் ஒரு பட்டியலாக இருக்கும். அதில் எதிலும் பொருந்தாத டிஸ்க் என்றால் 47-வது வகையைத் தேர்ந்தெடுத்து டிஸ்க்கின் அளவைச் சொல்லும் சிலிண்டர் (வட்டில் உள்ள தடங்களின் வரிசை), ஹெட், செக்டர் (ஒரு தடத்தின் சிறு துண்டு) எண்களை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அதிலும் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதுதான் உச்சம். ஒரு செக்டருக்கு 512 பைட் வைத்துப் பெருக்கினால் 52 கோடியே 84 லட்சம் பைட்டோடு கதை முடிந்துவிடும். அதற்குமேல் பெரிய டிஸ்க் போட்டுப் பயனில்லை. பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே ஒரு பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் தனிப் பகுதியில்) வைத்து, ஃபிளாப்பிகளில் இருந்து எடுத்த நகல்களுக்கு இன்னொன்று ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு 420 எம்பி சரியாக இருந்தது. 340 போதாது. லேபிளில் இருக்கும் மூன்று எண்களையும் சொல்லுங்கள் என்று கேட்டேன். 826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று பதில் வந்தது. உங்கள் கணினிக்குச் சரியாகப் பொருந்தும் என்றும் எழுதியிருந்தீர்கள். நம்பி வாங்கினேன்.

டிஸ்க் வந்தது. நல்ல பொதி, ஆன்டி-ஸ்டாட்டிக் உறைக்குள் பாதுகாப்பாக இருந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 40 பின் கேபிளின் சிவப்புக் கோட்டை முதல் பின் பக்கம் வைத்துச் சொருகினேன். டிஸ்க்கின் ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பான்) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற நிலையில் இருந்தது. பயாஸில் 47-வது வகையில் 826, 16, 63 கொடுத்தேன். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் 406 எம்பி என்று காட்டியது. பைட் எண்ணிக்கையை 1024-ஆல் இரண்டு முறை வகுக்கும் கணக்கில் அது சரியான அளவுதான். அப்புறம், கோப்புகள் வைக்க டிஸ்க்கைத் தயார்செய்யும் ஃபார்மட் கட்டளையை ஓடவிட்டேன்.

80 சதவீதம் வரை ஒரு தடங்கலும் இல்லை. அங்கே நின்றது. திரையில் சதவீத எண் மறைந்து, ஒதுக்கீட்டு அலகை (கோப்புகளுக்கு ஒதுக்கும் சிறு துண்டை) மீட்க முயல்வதாக டாஸ் சொல்லும் அந்த வரி வந்தது. எண் 41,800-ஐத் தாண்டியிருந்தது. அடுத்து அதற்கு அடுத்த எண், பிறகு அதற்கும் அடுத்த எண் என்று ஒன்றுவிடாமல் வரிசையாக. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். திரும்ப ஓடவிட்டால் அதே 80, அதே எண்.

முதலில் என் பக்கம்தான் ஏதோ தப்பு என்று நினைத்தேன். மல்டிமீட்டர் வைத்து பவர் பிளக்கில் பார்த்தேன். சிவப்பு வயரில் 5.03 வோல்ட், மஞ்சளில் 11.9. இரண்டும் சரி. கேபிளை மாற்றினேன். ஐடிஇ கார்டைக் கழற்றி, அதன் விளிம்பைத் துடைத்து மறுபடி சொருகினேன். அதே கேபிளில், அதே கார்டில் என்னிடம் உள்ள ஒரு சிறிய டிஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். அது முழுதாக ஃபார்மட் ஆனது. ஆக, கோளாறு நீங்கள் அனுப்பிய டிஸ்க்கில்தான்.

ஆனால் எந்த மாதிரிக் கோளாறு? வட்டின் பரப்பு தேய்ந்திருந்தால் கெட்ட இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஹெட் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேடித் திணறுவது காதுக்கே கேட்கும். இங்கே 80 சதவீதம் வரை ஒரு அலகுகூடக் கெட்டதில்லை, அதற்குப் பிறகு ஒன்றுகூட நல்லதில்லை. திணறல் சத்தமும் இல்லை. டிஸ்க் முயன்று பார்த்துத் தோற்கவில்லை, இல்லாத இடத்தைக் கேட்டால் எப்படிக் கொடுக்கும் என்கிற மாதிரி உடனே மறுத்துக்கொண்டிருந்தது. இது தோன்றியதும் லேபிள்மேல் சந்தேகம் வந்தது.

ஐடிஇ டிஸ்க்கிடம் 'நீ யார்' என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. மாடல் பெயர், சிலிண்டர், ஹெட், செக்டர் எல்லாவற்றையும் டிஸ்க் தானே சொல்லிவிடும். அதைப் படிக்கும் சின்ன நிரல் ஒன்றை ஃபிளாப்பியிலிருந்து ஓட்டினேன். சிலிண்டர் 665, ஹெட் 16, செக்டர் 63 என்று வந்தது. மாடல் பெயர் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறி வரும். சரிசெய்து படித்தால் அதில் 340 என்ற எண் தெளிவாக இருக்கிறது. 665-ஐ 826-ஆல் வகுத்துப் பாருங்கள். 80.5 சதவீதம். ஃபார்மட் நின்ற இடம் அதுதான்.

இதற்குப் பிறகும் நண்பர் ஒருவரின் கணினியில் மாட்டி உறுதி செய்துகொண்டேன். அதன் பயாஸ் தானாகக் கண்டுபிடிக்கும் வகை. அதுவும் 665 என்றே காட்டியது. அப்புறம் என் கணினியில் 826-ஐ அழித்து 665 என்று கொடுத்து ஃபார்மட் செய்தேன். 327 எம்பி, ஒரு பேட் செக்டர்கூட இல்லாமல் முடிந்தது. அதாவது 340 எம்பி டிஸ்க்காகப் பார்த்தால் இது அருமையான டிஸ்க். அப்படியே சொல்லி விற்றிருந்தால் அந்த அளவு போதுமென்கிற யாராவது சந்தோஷமாக வாங்கியிருப்பார்.

கடைசியாக லேபிளை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கீழ் மூலை லேசாகத் தூக்கியிருந்தது. அடியில் வேறொரு தாளின் மஞ்சளேறிய விளிம்பு தெரிந்தது. நகத்தால் கொஞ்சம் நீக்கியபோது பழைய லேபிளில் ஒரு எண்ணின் பாதி மட்டும் தெரிந்தது, '65'. அதற்கு மேல் நான் பிரிக்கவில்லை. நீங்களே பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நிழற்படங்களை இணைத்திருக்கிறேன். இந்த லேபிளை ஒட்டியது நீங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு விற்றவர் ஒட்டியிருக்கலாம், அதற்கும் முன்னால் யாரோ ஒட்டியிருக்கலாம். ஆனால் 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது' என்று எழுதியது நீங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் பயாஸ் உள்ள ஏதாவது ஒரு கணினியில் ஒரு தடவை மாட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதுகூட நடக்கவில்லை என்றால் எதைச் சோதித்தீர்கள்? சுழல்கிறதா என்று மட்டும் பார்த்தீர்களா?

இனி உங்கள் பதில்கள். முதல் மின்னஞ்சலுக்கு, டிரைவரைப் புதுப்பித்து வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாட்டிப் பார்க்கும்படி பதில் வந்தது. 1993-ல் யுஎஸ்பியே கிடையாது. நான் எழுதியதைப் படிக்காமலேயே பதில் போட்டிருக்கிறார்கள் என்பது வருத்தமாக இருந்தது. இரண்டாவது பதிலில், பழைய கணினியின் பயாஸ் கோளாறு, நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். இரண்டு வெவ்வேறு கணினிகளில் ஒரே விடை வந்ததை நான் அப்போதே எழுதியிருந்தேன். மூன்றாவது பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. நான் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்றும், திருப்பித் தரும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

டாஸ் பயன்படுத்துபவர் டிஸ்க் வாங்கினால் முதலில் செய்வதே ஃபார்மட்தான். ஐடிஇ டிஸ்க்கின் அடிப்படை ஃபார்மட் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். டாஸின் ஃபார்மட் கட்டளை ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்த்து, தொடக்கத்தில் பூட் செக்டரையும் கோப்பு அட்டவணையையும் எழுதுகிறது, அவ்வளவுதான். இதனால் எந்த டிஸ்க்கும் கெடாது, 420 எம்பி டிஸ்க் 340 ஆகவும் மாறாது. கெடு விஷயமும் அப்படித்தான். டிஸ்க் கையில் கிடைத்த மூன்றாம் நாளே முதல் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் கெடு கழிந்தது. அதை என் கணக்கில் எழுதுவது நியாயமா?

அதே பதிலில், இதற்குப் பதிலாக காம்பேக்ட் ஃபிளாஷ் என்ற நினைவக அட்டையும் அடாப்டரும் தரலாம் என்று சொல்லியிருந்தீர்கள். அது மோசமான யோசனை இல்லை. அந்த அட்டையும் ஐடிஇ மொழியே பேசும், சத்தம் இல்லை, சூடு இல்லை. இன்னொரு கணினியில் நானே பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்தக் கணினி பவர் போட்டதும் டிஸ்க் மெல்ல வேகமெடுக்கும் சத்தத்தோடு எழுந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் சுழலும் டிஸ்க்கைத் தேடி வாங்கினேன்.

எனக்கு வேண்டியது இதுதான். டிஸ்க்கின் விலையையும் இரு வழி அனுப்பும் செலவையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் உண்மையாகவே 420 எம்பி உள்ள டிஸ்க் ஒன்றை, அது தானே சொல்லும் எண்களைத் திரையில் படமெடுத்து அதோடு சேர்த்து அனுப்புங்கள். இரண்டில் எதுவானாலும் சம்மதம்.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. இதே தொகுப்பில் வந்த மற்ற டிஸ்க்குகளை உடனே விற்பனையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் மாட்டிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். நான் முழு ஃபார்மட் ஓடவிட்டதால் முதல் நாளே தெரிந்தது. வேறு டிஸ்க்கின் நகலை அப்படியே ஏற்றிக்கொள்பவருக்குத் தெரியாது. அவருக்கு மாதக்கணக்கில் எல்லாம் சரியாக ஓடும். கோப்புகள் 327 எம்பியைத் தாண்டும் அன்றைக்கு எழுதுவது எதுவும் பதியாது. செத்த டிஸ்க் என்றால் மாட்டிய உடனே தெரிந்துவிடும். இது நம்பவைத்துக் கழுத்தறுக்கும். அதற்குள் அவர் தன் பழைய டிஸ்க்கைத் தூக்கி எறிந்திருப்பார்.

நீங்கள் அனுப்பிய டிஸ்க்கை அதே உறையில், அதே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவை எப்படித் தருவீர்கள் என்பதை 10 நாட்களுக்குள் தெரிவியுங்கள். பதில் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தையும் படங்களையும் உங்கள் மூன்று பதில்களையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: லேபிள் மூலையின் படங்கள் 2, டிஸ்க் தன்னைப் பற்றிச் சொன்ன விவரங்கள் தெரியும் திரையின் படங்கள் 2 (இரு கணினிகளிலும் எடுத்தவை), ஃபார்மட் 80 சதவீதத்தில் நின்ற திரை 1, வாங்குவதற்கு முன் நீங்கள் அனுப்பிய பதிலின் நகல்.