டயருக்கு வந்த முதல் ரேஷன்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியானேன். இங்கே எல்லாரும் நலம். சின்னவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய நாட்களைப் பற்றித்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டது. ஒரே மாதத்தில், 1942 ஜனவரியிலேயே, டயருக்கு ரேஷன் வந்துவிட்டது. சர்க்கரைக்கே மே மாதம்தான் வந்தது. காரணம் உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறது! அமெரிக்கா வாங்கிய ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மலாயாவிலிருந்தும் டச்சுக்காரர்கள் ஆண்ட தீவுகளிலிருந்தும் (இன்றைய இந்தோனேசியா) போனது. ஜப்பான் அங்கே நுழைந்ததும் வரத்து நின்றுபோனது. மலாயாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா பால் வெட்டினாரே, அவர் மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சேர்ந்த பாலும் அதில் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கார் இல்லாமல் வேலைக்கோ கடைக்கோ போக முடியாத ஊர்கள் அமெரிக்காவில் ஏராளம். புது டயர் வேண்டுமென்றால் உள்ளூர் ரேஷன் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்குத்தான் முன்னுரிமை. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பே நின்றது. அப்புறம் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்றார்கள். டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோல் ரேஷன். கார் கண்ணாடியில் சாதாரண ஓட்டத்துக்கான ‘ஏ’ ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு வாரத்துக்கு மூன்று, நான்கு கேலன்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டைவிட, வண்டி ஓடினால் டயர் தேயுமே என்ற கவலைதான் இதற்குப் பெரிய காரணம்.

அதற்கு முன்பே, 1942 ஜூனில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, வீட்டில் கிடக்கும் பழைய ரப்பரையெல்லாம் கேட்டார். தோட்டத்துக் குழாய், மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, குளியல் தொப்பி என்று ஜனங்கள் பெட்ரோல் பங்குகளில் கொண்டுபோய்க் குவித்தார்கள். ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட். அப்படிச் சேர்ந்ததை வைத்து முழுத் தேவையையும் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் கைகொடுத்தது செயற்கை ரப்பர்தான்.

எனக்கு ஆறாதது வேறொன்று. மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கலிபோர்னியாவின் மன்சனார் முகாமில் அடைபட்டிருந்தவர்களில் சிலர், குவாயூலே என்ற வறண்ட நிலச் செடியை வளர்த்து, அதிலிருந்து நல்ல ரப்பர் எடுத்துக் காட்டினார்கள். தங்களைச் சிறைவைத்த நாட்டுக்காக! அந்த அநியாயத்தை எந்தப் போர்க்கால நெருக்கடியாலும் நியாயப்படுத்த முடியாது.

அமெரிக்க வீடுகளின் கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ரப்பர் விற்காமல்போன தோட்டத்து லயங்களில் நம் ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்கு யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதையெல்லாம் தாத்தா அம்மாவிடம் சொல்லியிருப்பார். கண் தெளிந்ததும் அம்மாவைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்து அனுப்புடா. மரவள்ளிக்கிழங்குக் கதையை மறக்காமல் கேள்.

அன்புடன்,
சிவராமன்