பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்த புத்தகம்

வின்னிபெக், கனடா
ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாம்பூ உதிர்ந்துவிட்டதே, பூமி சூடாவதால்தானா, மேட்டுத் தோப்பை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் பேனாவை எடுப்பேன், அப்படியே தூங்கிவிடுவேன். திட்டாதீர்கள். கடைசியில் அம்மாவை இரண்டு வரி எழுத வைத்திருந்தீர்களே, அதை இன்று மறுபடி படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இங்கே மைனஸ் 30. ஈர வேட்டியை வெளியே போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். (போட்டுப் பார்த்தேன்.) பனியை வாரும்போது பனியோடு சண்டை போடும் தாத்தா நினைவிருக்கிறதா? "பூமி சூடாகிறதாமே, எங்கே காட்டு!" என்று என்னிடமும் வந்துவிட்டார். கூடவே ஒரு தடிப் புத்தகம். மைக்கேல் கிரைட்டனின் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்'.

ஆளை உங்களுக்குத் தெரியும். என்னைத் தோளில் உட்காரவைத்து 'ஜுராசிக் பார்க்' காட்டினீர்களே, அந்தக் கதைக்காரர். ஹார்வர்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு நாவல் எழுதப் போனவர்.

தாத்தா கொடுத்த நாவல் 2004 டிசம்பரில் வந்தது. கதையில், பூமி சூடாகிறது என்று ஊரை மிரட்ட ஒரு கும்பல் சுனாமியைக் கிளப்பப் பார்க்கிறது. அதே மாதம் 26ஆம் தேதி நம் கரையில் நிஜ சுனாமி. அந்தப் பக்கங்களை என்னால் சும்மா படிக்க முடியவில்லை.

கதையை ஓட்டுவதில் மனுஷர் கில்லாடிதான். 'ஜுராசிக் பார்க்'கில் கொசு குடித்த ரத்தத்திலிருந்து டைனோசர் வந்தது என்று அளந்தாலும், அளக்கிறார் என்று தெரிந்தே ரசித்தோம். இதில் அடிக்குறிப்பும் வரைபடமும் போட்டு நிஜம் என்கிறார். சூடாகிறது என்று சொல்பவன் முட்டாள், இல்லாவிட்டால் கொலைகாரன். மற்றவர்கள் பாடம் நடத்துகிறார்கள். 2005இல் அமெரிக்க செனட் குழு இவரைக் கூப்பிட்டுக் கேட்டதில் தாத்தாவுக்கு ஒரே பெருமை. ஆனால் அண்டார்டிகா ஆய்வு செய்த பீட்டர் டோரன், தன் கட்டுரையை இந்த நாவல் தவறாகப் பயன்படுத்தியது என்று 2006இல் பத்திரிகையிலேயே எழுதினார். அதைச் சொன்னேன். தாத்தா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கிரைட்டனின் 1969 நாவல் 'தி ஆந்த்ரமீடா ஸ்ட்ரெய்ன்' கொண்டுவந்தார். விண்வெளியிலிருந்து வந்த கிருமி. ஒரே மூச்சில் முடித்தேன், இதுதான் அவர்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு வருஷம் மாம்பூ உதிர்ந்ததை வைத்துப் பூமி சூடாகிறது என்று சொல்ல முடியாது. இங்கே குளிர்வதை வைத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. உலகம் முழுக்கப் பல வருஷம் அளந்த வெப்பநிலை ஏறிக்கொண்டுதான் போகிறது.

வேலை நன்றாக இருக்கிறது. நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், படிக்க வசதி. போன மாதம் பணம் வராதது பேங்க் தாமதம், வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகு மாவு கிடைத்தது. துடுப்பு ஏது, கரண்டியால் களி கிளறினேன். ஒரே ஒரு உருண்டை. ஒரு ஆளுக்குக் கிளறுவதெல்லாம் களியா, அண்ணா? சட்டியைப் பிடித்துக்கொள்ளக்கூட யாரும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

சரி, தோப்பு விஷயம். மேட்டுத் தோப்பை விற்க வேண்டாம். காவேரிப்பட்டணத்து வியாபாரி அட்வான்ஸ் நீட்டினாலும், பிஞ்சு பிடித்த பிறகே குத்தகை பேசுங்கள். பெங்களூரா மாங்காய்க்கு மாங்கூழ் ஃபேக்டரி விலை என்ன என்று நீங்களே போய்க் கேளுங்கள், மாமாவை அனுப்பாதீர்கள். அக்கா பெண் நிச்சயத்துக்கு என் பங்கு சித்திரைக்குள் வரும். அதற்காக அம்மாவின் வளையலை அடகு வைக்காதீர்கள். வைத்தாகிவிட்டது என்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தம்பி