கிணற்றடி மரத்தில் தொடங்கிய நோட்டு

புதுச்சேரி
28.9.2025, ஞாயிறு

அன்புள்ள கலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், நாலு பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாய். படித்த கையோடு உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். நீ உட்கார்ந்து எழுதியதற்கு நானும் உட்கார்ந்துதான் பதில் எழுத வேண்டும் என்று பட்டது.

ஆகஸ்ட் 27 முதல் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்று செய்தியில் கேட்டபோதே உங்கள் நினைப்புதான். பெரிய கம்பெனிக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தால், ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற உங்களைப் போன்றவர்கள் தலையில்தானே முதலில் விடியும். பதினெட்டு தையல் மிஷின் போட்ட பவர் டேபிளில் இப்போது ஏழுதான் ஓடுகிறது, லோன் தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கிறது, தீபாவளி போனஸைப் பற்றி அண்ணன் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். இதற்கெல்லாம் என்னிடம் வழி இல்லை, கலா. இது எப்போது சரியாகும் என்று தெரியாமல் நான் தைரியம் சொன்னால் அது வெறும் பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, அதற்கப்புறம் தூக்கமே இல்லை என்றாயே, அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது.

கஜா புயல் உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16. மூன்றாம் நாள் நான் பேராவூரணி போய்ச் சேர்ந்தபோது எங்கள் தென்னந்தோப்பே இல்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அடுத்த ஊர் கோயில் தெரிந்தது. அதற்கு முன்னால் அப்படித் தெரிந்ததே கிடையாது. அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கணக்கெடுக்க ஆள் வருவார்கள், விழுந்ததை எழுதி வை என்று மட்டும் சொன்னார். மரத்துக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. தம்பியின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். விழுந்தது 112, நிற்பது 14.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூட்டல் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், அதன் கீழேயே இன்னும் எழுத ஆரம்பித்தேன். கிணற்றடி மரம், தம்பி பிறந்த வருஷம் தாத்தா வைத்தது. அதன் இளநீர்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். வேலியோர மரம், சின்ன வயதில் ஓலை விழுந்து எனக்கு நெற்றியில் காயம். இப்படியே போய், கடைசியில், "அப்பா இன்றும் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். பயமாக இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது, அவளே உடைந்துபோயிருந்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் தூங்கினேன்.

அந்தப் பழக்கம் ஏழு வருஷமாக விடவில்லை. தினமும் எழுதுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல நாட்களில் வாரக்கணக்கில் தொடுவதில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஒரு நாள்கூட விடவில்லை. எப்படி எழுதுகிறேன் என்றால், இடப் பக்கம் அன்று நடந்தது மட்டும். யார் வந்தார்கள், எவ்வளவு செலவு, டாக்டர் என்ன சொன்னார். வலப் பக்கம் நான் பயப்படுவது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய காலத்தில் எது நடந்தது, எது நான் நினைத்துக்கொண்டது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்று மணிக்கு உன்னை எழுப்புகிறதே, அதிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏழு மிஷின் ஓடுவது நடப்பு. கடையை மூடிவிட்டு ஊருக்கே போக வேண்டியிருக்குமோ என்பது வலப் பக்கத்துக்கு.

மாதக் கடைசியில் வலப் பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். சில பயங்கள் நடக்காமலே போயிருக்கும். சில நடந்திருக்கும், ஆனால் நான் நினைத்த மாதிரி இருக்காது. அம்மா போனதும் அப்படித்தான்.

நான் ஆபீஸ் போகிற வழியில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரில் உள்ள வீதி. அவர் 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார், 1761 ஜனவரியில் இறந்தார். அவர் இறந்த சில நாட்களிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோதும் எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, என்ன விலை, யார் தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள், எல்லாம் பேச்சுத் தமிழிலேயே. சரித்திரக்காரர்கள் அதில் வேறு என்னென்னவோ தேடுவார்கள். எனக்கோ, நாளைக்கு ஊர் யார் கையில் இருக்கும் என்று தெரியாத ஒரு வியாபாரி இன்றைக்கு நடந்ததை உட்கார்ந்து எழுதினாரே என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த வீதியைக் கடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுதியதும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதே. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர் கல்லூரி மாணவர்களை, தங்களை மிகவும் பாதித்த விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். 1986-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நடந்ததையும் அதில் தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் இருந்ததாம். எனக்கும் அப்படித்தான். அழுதுகூட இருக்கிறேன். அதனால் படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம், விளக்கு வைத்த பிறகு, சமையலுக்கு முன்னால் எழுது. ஒரே வரியையே திரும்பத் திரும்ப எழுதுகிறாய் என்றால் அன்றைக்கு நிறுத்திவிடு. இரண்டு வாரம் பார்த்தும் தூக்கம் வரவில்லை என்றால் நோட்டை நம்பி உட்காராதே, டாக்டரிடம் போ. 14416 என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணும் (டெலி மானஸ்) இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கலா.

அப்புறம், அதை யாரும் படிக்கக் கூடாது. அண்ணனிடமும் முதலிலேயே சொல்லிவிடு. வேறு யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே நல்ல வார்த்தையைத் தேடும். போனஸ் விஷயத்தை மட்டும், இடப் பக்கத்தில் கணக்காகப் போட்டுவிட்டு, அவருக்குக் காட்டு. இவ்வளவு கொடுக்க முடியும், மீதி இன்ன மாதம் என்று ஒரு தாளில் இருந்தால் தைக்கிற பெண்களிடம் பேசவும் அவருக்கு வாய் வரும்.

கோடு போட்ட நோட்டு ஒன்று தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தம்பி போன வாரம் பேசினான். புயலுக்கு மறுவருஷம் கிணற்றடியில் வைத்த கன்று முதல் பாளை விட்டிருக்கிறதாம். பொங்கலுக்கு நீயும் பிள்ளைகளும் பேராவூரணி வாருங்கள். அதற்குள் இளநீர் வெட்டுகிற பதம் வந்திருக்காது, பார்த்துவிட்டு வரலாம்.

உன்
சுமதி