மேன்கைண்ட் கார்டு யாருக்கும் வேண்டாம்

மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்தபிறகு பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான், நீ நீல டிக்கோடு முடித்துக்கொள்வாய். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, உனக்கு வழுக்கை. போதும்.

போன வாரம் பழைய வீட்டுப் பரணை ஒழித்தோம். ஒரு பிஸ்கட் டின். உள்ளே, ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிப்போன நம் டபுள்யூ டபுள்யூ எஃப் மல்யுத்தக் கார்டுகள்! மூலை மடங்கிய அந்த அண்டர்டேக்கரும் இருக்கிறது. பல்லிதான் திருடினான் என்று ஒரு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தாயே, பாவம், அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. கட்டுக்கு அடியில் மேன்கைண்ட். அந்தத் தோல் முகமூடிக்காரனை நம்மில் யாரும் சீந்தியதில்லை. சீட்டு போடும்போது வந்தால் முகம் சுளிப்போம்.

பையன் கார்டைப் பார்த்துவிட்டு "யாருப்பா இது?" என்றான். வினை அங்கே ஆரம்பித்தது. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், அந்தக் கூண்டுச் சண்டையைப் போனில் போட்டுக் காட்டினேன். பதினாறடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் தள்ள, மனுஷன் கீழே வர்ணனையாளர் மேஜையை உடைத்துக்கொண்டு விழுகிறார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகிறார்கள். பாதி வழியில் எழுந்து, மறுபடி கூண்டில் ஏறுகிறார்! இந்தத் தடவை கூரையே பிய்த்துக்கொண்டு உள்ளே விழுகிறார். அது திட்டத்திலேயே இல்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்துப் பல் போனது. அதற்குப் பிறகு நோட்டீஸ் போர்டில் குத்துகிற பின்களைக் கொட்டி அதன்மேல் வேறு விழுந்தார். எல்லாம் முடிந்து உள்ளே போனதும், "நான் பின்னைக் கொட்டினேனா?" என்று அண்டர்டேக்கரிடமே கேட்டாராம். "உன் கையைப் பாரு" என்றாராம் அவர்.

நாம் அன்றைக்கு விசில் அடித்தோம், ஞாபகமிருக்கிறதா? "டூப்புடா, எல்லாம் டூப்பு" என்று உன் சித்தப்பா சொல்ல, நீ சோற்றுத் தட்டோடு சண்டைக்குப் போனாய்.

அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ராத்திரியெல்லாம் இந்த ஆளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மேன்கைண்டின் நிஜப் பெயர் மிக் ஃபோலி. நியூயார்க் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். 1983ல், கல்லூரிப் பையனாக, வழியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போய், ஜிம்மி ஸ்னூக்கா என்ற மல்யுத்த வீரர் கூண்டின் உச்சியிலிருந்து பாய்ந்ததைப் பார்த்திருக்கிறார். பைத்தியம் அங்கேதான் பிடித்தது. படிப்பை விடாமலேயே டொமினிக் டெனூச்சி என்ற பயிற்சியாளரிடம் மல்யுத்தம் கற்கப் பென்சில்வேனியாவுக்கு வாராவாரம் நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டி, காரிலேயே தூங்கியிருக்கிறார். 1994 மார்ச்சில் மியூனிக்கில் கயிற்றில் கழுத்து சிக்கி வலது காது பிய்ந்து விழுந்தது. நடுவர் அதைப் பொறுக்கினார். இவர் சண்டையைத் தொடர்ந்தார். இதைப் பையனிடம் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் சொன்னேன், செமத்தியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1999 ஜனவரி 4 ஒளிபரப்பில் தி ராக்கை வென்று பட்டம் வாங்கினார். போட்டிக் கம்பெனி வர்ணனையாளர், நேயர்கள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று முடிவை முன்கூட்டியே உடைத்து, இவன் ஜெயிப்பதைப் பார்க்கவா கூட்டம் வரப்போகிறது என்று நக்கலடித்தார். லட்சக்கணக்கான பேர் உடனே சேனலை மாற்றி மேன்கைண்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்! நம்மைத் தவிர உலகத்துக்கே அந்தக் கார்டு வேண்டியிருந்திருக்கிறது.

அதே மாதம் இவர் கைகளைப் பின்னால் விலங்கிட்டு ராக் நாற்காலியால் தலையில் அடித்ததைத்தான் முழுசாகப் பார்க்க முடியவில்லை. பதினோரு அடி. முன்வரிசையில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். அந்தக் குழந்தைகள் அழுவதைப் படம் பிடித்திருக்கிறார்கள். நான் போனைக் கவிழ்த்துவைத்தேன். அடுத்த வருஷம் முழுநேரச் சண்டையை விட்டார். தன் கதையைப் பேனாவால் தாளில் எழுதிப் புத்தகமாக்கினார், அது விற்றுத் தள்ளியது. 2013ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கொடுத்தார்கள். எங்கே தெரியுமா? அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில்.

சரி, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீடியோ முடிந்ததும் பையன் விழுந்தவரைப் பற்றிக் கேட்கவில்லை. "தள்ளினாரே, அவருக்கு எப்படிப்பா இருந்திருக்கும்?" என்றான். அண்டர்டேக்கருக்கு அதில் இஷ்டமே இல்லை, ஃபோலிதான் வற்புறுத்தினார், அன்றைக்கு அண்டர்டேக்கருக்கும் பாதத்தில் எலும்பு முறிவு என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உன் வீட்டுத் தண்ணித் தொட்டி கண்ணில் வந்தது.

ஃபோலியும் சின்ன வயசில் சிநேகிதர்கள் படம்பிடிக்கக் கூரையிலிருந்து குதித்தவர்தான். ஆனால் தானாகக் குதித்தார். நீ அந்தத் தொட்டியிலிருந்து வழுக்கி விழுந்ததாக ஊருக்கே சொன்னாய். ஆஸ்பத்திரியில் உன் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டபோதும் அதையே சொன்னாய். "நீ அண்டர்டேக்கர்னா குதிடா" என்று கத்தியது நான். நீ தயங்கியபோது முதுகில் கை வைத்ததும் நான்தான். நாம் இதைப் பேசியதே இல்லை.

மழைக்காலத்தில் அந்த இடது முழங்கை இன்னும் வலிக்கிறதா? ஒளிக்காமல் எழுது. அண்டர்டேக்கர் கார்டைக் கூரியரில் அனுப்புகிறேன். மேன்கைண்ட் பையனிடம் இருக்கிறது, தரமாட்டேன் என்கிறான்.

உன்,
மாப்ள