காமிக்ஸுக்கும் முன்கதைச் சுருக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் புதிதாக எடுக்கும் சிறுவர்கள் பாதியிலேயே கீழே வைத்துவிடுவதற்குப் பல்லாண்டுக் கதைத் தொடர்ச்சியே காரணம் என்றும், பழையதை அழித்துவிட்டு முதல் எண்ணிலிருந்து தொடங்குவதே வழி என்றும் சிலர் சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க இயலவில்லை.

பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசி அதைச் செய்தே பார்த்தது. 2011இல் 52 தொடர்களை முதல் எண்ணிலிருந்து வெளியிட்டது. ஆனால் பேட்மேனின் பழைய கதைகளை விட மனமில்லாமல், நாயகர்கள் தோன்றி ஐந்தே ஆண்டுகள்தான் ஆகின்றன என்று காலத்தை மட்டும் சுருக்கியதால், அதற்குள் பேட்மேனின் இளம் துணைவனான ராபின் என்ற பெயரில் இத்தனை பேர் எப்படி வந்துபோனார்கள் என்று பழைய வாசகர்களே குழம்பிப்போனார்கள். 1938இல் சூப்பர்மேனை அறிமுகப்படுத்திய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்', 2016இல் பழைய எண் வரிசைக்கே திரும்பி 957ஆம் இதழாக வந்தது. டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல் 2000இல் எடுத்த முடிவு இதைவிட நல்லது: பழைய ஸ்பைடர்மேன் கதையைத் தொடாமல், ஸ்பைடர்மேனாக மாறும் பள்ளி மாணவன் பீட்டர் பார்க்கரைத் தனி வரிசையில் மறுபடியும் தொடங்கியது. ஆனால் அதற்கும் நாளடைவில் ஒரு நீண்ட பழங்கதை சேர்ந்துவிட்டது.

தொடர்ச்சியை நான் பாரமாக நினைக்கவில்லை. 1973இல் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தது இன்றும் வாசகரை உலுக்குவதற்கு, அந்த இழப்பைப் பீட்டர் கதை நெடுகச் சுமந்து வந்ததே காரணம்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய புத்தகக் குவியலிலிருந்து பிள்ளைகள் எடுப்பது பெரும்பாலும் நடுவில் வந்த ஏதோ ஓர் இதழைத்தான். அந்த இதழே அவர்களுக்கு வாசலாக இருக்க வேண்டும். ராணி காமிக்ஸில் மாயாவியாக நாம் அறிந்த முகமூடி வீரரின் மூலச் சித்திரத்தொடர் 1936இல் தொடங்கியது. அதில் புதுக்கதை தொடங்கும்போதெல்லாம், கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரையொதுங்கியவன் தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது சபதம் செய்ததையும், தலைமுறைதோறும் மூத்த மகன் அதை ஏற்பதையும் இரண்டு மூன்று கட்டங்களில் சொல்லிவிடுவார்கள். பழைய வாசகர் ஒரு நொடியில் தாண்டிவிடுவார். புதியவருக்கு அது போதும்.

நம் வார இதழ்த் தொடர்கதைகளுக்கு முன்கதைச் சுருக்கம் புதிதல்ல. தமிழில் காமிக்ஸ் வெளியிடுவோர், தொடர்கதையின் ஒவ்வொரு பாகத்திலும் முதல் பக்கத்தில் அரைப்பக்கமாவது இதற்கு ஒதுக்கி, அட்டையிலேயே இது எத்தனையாவது பாகம் என்பதையும் அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.