ஒரு ஜோடி செருப்புக்காக

அன்புள்ள நெட்டைக்கு,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் போடுகிறேன். திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிடு, கீழே உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் பேரன் பல் விழுந்த போட்டோ பார்த்தேன், அப்படியே நம் வார்டன் அம்மா சிரிப்பு!

ரிட்டயர் ஆன பிறகும் செவ்வாய்க்கிழமை தோறும் தொழுநோய்க் காலனிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மூன்று வாரத்துக்கு முன்னால் கடைசி வீட்டுப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே அந்த வாடை. நம் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டாம், புண் வாடை. "கால் எப்படி இருக்கு பெரியம்மா?" என்றேன். "நல்லாத்தான் இருக்குது நர்ஸம்மா" என்று புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

கழற்றிப் போட்டிருந்த ஹவாய் செருப்பை எடுத்துப் பார்த்தேன். சீமைக்கருவேல முள் ஒன்று அடியிலிருந்து ஏறி, மேலே அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நுனியில் காய்ந்த ரத்தம். அதன்மேல் நான்கு நாள் நடந்திருக்கிறார், நெட்டை. குழாயடிக்குப் போயிருக்கிறார், ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். நீயோ நானோ என்றால் முதல் அடியிலேயே "ஐயோ" என்று காலைத் தூக்கியிருப்போம். அவருக்கு அந்த "ஐயோ" போய் நாற்பது வருஷம் ஆகிறது.

பெருவிரல் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. சீட்டைப் பார்த்ததும் அங்கிருந்தவர், "இவங்களை வெளியே மரத்தடியில உட்காரச் சொல்லுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து சாப்பிட்டு முடித்து, கிருமி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. சர்க்கரைக்காரர் காலில் இருக்கிற புண்ணும் இந்தப் புண்ணும் ஒன்றுதான், இதிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது என்று கத்தினேன். பெரியம்மாதான் என் கையைப் பிடித்து, "விடு தாயி, மரத்தடியில காத்து வருது" என்றார். அதுதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. கோபப்படக்கூட அவருக்கு இடம் கொடுக்காமல் வைத்திருக்கிறோமே.

பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கன்னத்தில் தேமல் என்று ஆரம்பித்தது. புருஷன் வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய், பிறகு அதுவும் இல்லை. 1955 இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு இந்த நோயையும் ஒரு காரணமாக எழுதி வைத்திருந்தார்கள், 2019இல்தான் எடுத்தார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்று வெற்றிலையை மடித்தார்.

நாம் டிரெயினிங் முடிக்கிற சமயத்தில்தானே கூட்டு மருந்து வந்தது? அதற்கு முன்னால் டாப்சோன் ஒன்றையே வருஷக்கணக்கில் விழுங்கினார்கள். அட்டை மாத்திரையைப் பார்த்துவிட்டு, இனி இந்த நோயே இருக்காது என்று விடிய விடியப் பேசினோம். 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது, ஒழித்துவிட்டோம் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் இன்றைக்கும் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கிறவர்களில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான். மாத்திரை கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. மீதிப் பாடு தினப்படி வேலை. இருபது நிமிஷம் தண்ணீரில் பாதத்தை ஊறவைக்க வேண்டும், காய்ப்பைத் தேய்க்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பெரியம்மா இதெல்லாம் தவறாமல் செய்கிறவர். டீ டம்ளருக்குத் துணி சுற்றி வைத்திருப்பார், சூடு தெரியாதே.

பிறகு ஏன் ஹவாய் செருப்பு? நானும் கேட்டேன். எம்.சி.ஆர். செருப்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்ததுதான். மெத்தென்ற ரப்பர், ஆணி அடிக்காமல் ஒட்டியது. மூலையில் பிளாஸ்டிக் பையோடு அப்படியே இருக்கிறது. "அது நோய்ச் செருப்பு நர்ஸம்மா. அதைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினா பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. கோயில் வாசல்ல கழட்டி வச்சா மத்த செருப்பையெல்லாம் தள்ளி வைக்கிறாங்க" என்றார். முப்பது வருஷம் அந்தச் செருப்பைக் கையால் கொடுத்தவள் நான். போடவில்லை என்றால் அதட்டியும் இருக்கிறேன். எதற்குப் போடவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு நம்மைக் கூட்டிப்போன அன்று, அங்கிருந்த ஒரு தாத்தா எல்லோருக்கும் டீ கொடுத்தாரே. நீதான் முதலில் வாங்கிக் குடித்தாய். நான் கட்டடத்துக்குப் பின்னால் போய்ச் செடியில் ஊற்றினேன். இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது உன் வேலை. ஆம்பூரில் இருந்துகொண்டு, தெருவுக்கு நாலு பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற ஊரில், எனக்கு ஒரு நல்ல கைவேலைக்காரர் கிடைக்காமலா போவார்? உள்ளே எம்.சி.ஆர். ஷீட் இருக்கட்டும், நானே வாங்கி அனுப்புகிறேன். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூடக் கூடாது. மடங்கிய விரலால் பக்கிள் மாட்ட முடியாது, அதனால் ஒட்டுப் பட்டை. பின்னால் வார் வேண்டும். மேலே மட்டும், கடைத்தெருவில் எல்லாப் பொம்பளைகளும் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். மெரூன் நிறம் கேட்டார், தயங்கித் தயங்கி. புண் இப்போது ஆறி வருகிறது, இன்னும் ஒரு மாதம் காலை ஊன்ற விடமாட்டேன். அதற்குள் வந்தால் போதும்.

கூட வைத்திருக்கிற காகிதத்தில் இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்திருக்கிறேன். வலதில் இரண்டு விரல் கிடையாது, இடது ஓரத்தில் எலும்பு புடைத்திருக்கும். வரைந்தது கோணலாக இருக்கிறதே என்று அந்தக் கைவேலைக்காரர் திருத்திவிடப் போகிறார். அதுதான் அளவு என்று சொல்.

உன்,
குள்ளி